மைக்ரோடிக் ஹெக்ஸ்: எதையும் மறைக்காத சின்ன ரவுட்டர்

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: இந்த ரவுட்டரில் ஒய்ஃபை கிடையாது. கடையில் விசாரிக்காமல் வாங்கி வந்து, வீட்டில் பிரித்துப் பார்த்து ஆன்டெனாவைத் தேடுகிறவர்கள் உண்டு. 113 × 89 × 28 மில்லிமீட்டர் அளவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி, அதில் கேபிள் சொருக ஜிகாபிட் ஈதர்நெட் துளைகள் ஐந்து, ஒரு யுஎஸ்பி, ஒரு மைக்ரோஎஸ்டி துளை, 24 வோல்ட் அடாப்டர். அவ்வளவுதான். அமெரிக்கப் பட்டியல் விலை 60 டாலரை ஒட்டி இருக்கும். லாட்வியாவின் ரீகா நகரில் 1996இல் தொடங்கிய மைக்ரோடிக் நிறுவனத்தின் தயாரிப்பு இது. மாடல் எண் ஆர்பி750ஜிஆர்3.

இத்தனை எளிமையான பெட்டியைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. இதற்குள் ஓடும் ரவுட்டர்ஓஎஸ், பெரிய நிறுவனங்களின் ரேக்கில் நிற்கும் மைக்ரோடிக் கருவிகளில் ஓடும் அதே மென்பொருள்தான். ஆண்டுச் சந்தா கிடையாது. நான்காம் நிலை உரிமம் பெட்டியோடு வந்துவிடுகிறது. இணைய நிறுவனம் இலவசமாகத் தரும் ரவுட்டரின் ஆப்பில் ஒரு பச்சை வட்டமும் 'எல்லாம் சரி' என்ற வரியும் தெரியும். ஹெக்ஸில் அந்த வட்டத்துக்குப் பின்னால் நடப்பதெல்லாம் வரிசை வரிசையாகக் கண்முன் நிற்கும். டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி வழங்குவது), நாட் (வீட்டின் உள்முகவரிகளை ஒரே வெளிமுகவரியாக மாற்றுவது), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக்குவது), விலான் (ஒரே கேபிளில் பல வலையமைப்புகளைப் பிரிப்பது) போன்ற சொற்களைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட மலிவான கருவி சுலபத்தில் கிடைக்காது. கற்றுக்கொள்ள விருப்பமில்லை என்றால் இதை வாங்கவே வேண்டாம். இந்தக் கட்டுரையின் தீர்ப்பு அதுதான், மற்றதெல்லாம் விளக்கம்.

எங்கே வைப்பது

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ஃபைபர் வந்து முடியும் பெட்டியும், ஃபைபரை ஈதர்நெட்டாக மாற்றும் ஓஎன்டியும் பெரும்பாலும் வாசல் அருகிலோ, வெடிகுண்டுப் பாதுகாப்பறையை ஒட்டியோ இருக்கும். பாதுகாப்பறைச் சுவர் தடித்த கம்பிக் கான்கிரீட். ஒய்ஃபை அலையை, அதிலும் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையை, நன்றாக விழுங்கும். அலையே இல்லாத ஹெக்ஸுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஓஎன்டிக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் போட்டுவிட்டு, ஒய்ஃபையை ஒரு தனி ஏபி (ஒய்ஃபை அலையை மட்டும் பரப்பும் கருவி) மூலம் வீட்டின் நடுவில் வைத்துக்கொள்ளலாம். புதிய பிடிஓ (தேவைக்கேற்பக் கட்டப்படும் வீவக) வீடுகளில் வரவேற்பறையிலும் படுக்கையறைகளிலும் சுவரிலேயே ஆர்ஜே45 துளைகள் இருக்கும். அவற்றின் கேபிள்கள் எல்லாம் ஒரே பெட்டியில் வந்து சேரும். அந்த இடம் ஹெக்ஸுக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும்.

அடாப்டர் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. சில பெட்டிகள் ஐரோப்பிய இரண்டு முள் பிளக்கோடு வருகின்றன. நம்மூர் மூன்று முள் துளைக்கு மாற்றுப் பிளக் வேண்டியிருக்கும். இரண்டாவது, முதல் துளை வழியாகக் கேபிளிலேயே மின்சாரம் கொடுக்கலாம். ஆனால் அது 8 முதல் 30 வோல்ட் வரையிலான பாசிவ் பிஓஇ (கருவியிடம் கேட்காமலே கேபிளில் மின்சாரம் அனுப்பும் முறை) மட்டுமே. சிசிடிவி வேலைக்கு வைத்திருக்கும் 48 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டரை இதில் சொருகினால் பெட்டி போய்விடும். 802.3ஏஎஃப் தரத்து ஸ்விட்ச் என்றால் கேட்டுவிட்டுத்தான் மின்சாரம் அனுப்பும். ஹெக்ஸ் பதில் சொல்லாது, அதனால் சேதமும் இல்லை, மின்சாரமும் வராது.

பெட்டி மிக இலேசானது. ஐந்து கேட் 6 கேபிள்களைச் சொருகினால் கேபிளின் விறைப்பே அதைத் தூக்கி நிறுத்தும். அடியில் இரட்டைப்பக்க டேப் ஒட்டிவிடுங்கள்.

முதல் அரை மணி நேரம்

ஓஎன்டியிலிருந்து வரும் கேபிள் முதல் துளைக்கு. கணினி இரண்டாவது துளைக்கு. வந்த நிலையிலேயே முதல் துளை வெளியுலகுக்கும், இரண்டு முதல் ஐந்து வரையிலான துளைகள் வீட்டுக்கும் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த நான்கையும் ஒன்றாகக் கட்டியிருப்பதற்கு 'பிரிட்ஜ்' என்று பெயர். நடைமுறையில் நான்கு துளை ஸ்விட்ச் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்விட்ச், மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள சொந்த எண்) பார்த்துச் சட்டகத்தை (தகவல் துண்டை) எந்தத் துளைக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறது. ரவுட்டர், ஐபி முகவரியை (வலையமைப்பில் கருவிக்குக் கிடைக்கும் எண்) பார்த்து எந்த வலையமைப்புக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறது. இந்தப் பெட்டி இரண்டு வேலையையும் செய்கிறது. எந்த இடத்தில் எது நடக்கிறது என்று திரையில் தனித்தனியாகக் காட்டுவதுதான் இதன் சிறப்பு.

கணினியில் வின்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் 'நெய்பர்ஸ்' பட்டியலில் ஹெக்ஸ் தெரியும். அந்த வரியில் ஐபி முகவரி, மேக் முகவரி இரண்டும் இருக்கும். மேக் முகவரியைச் சொடுக்கி உள்ளே போய்ப் பாருங்கள். ஐபியே இல்லாமல் நுழைகிறீர்கள்! ஒரே கேபிளில் இருக்கும் இரண்டு கருவிகள் பேசிக்கொள்ள மேக் முகவரி போதும், வலையமைப்பைத் தாண்டிப் போகத்தான் ஐபி வேண்டும் என்பது அந்த ஒரு சொடுக்கில் புரிந்துவிடும். ஐபி அமைப்பைத் தப்பாக மாற்றிவிட்டு வெளியே மாட்டிக்கொள்ளும்போது திரும்ப உள்ளே போகும் வழியும் இதுதான். உலாவியில் 192.168.88.1 என்று தட்டியும் நுழையலாம். மேக் வழி என்ற வசதி மட்டும் அங்கே இல்லை.

புதிய பெட்டிகளில் கடவுச்சொல் அடிப்பக்க ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். பழைய இருப்பில் கடவுச்சொல்லே இருக்காது. முதல் வேலையாக ஒன்றை வையுங்கள். அடுத்தது மென்பொருள் புதுப்பிப்பு: சிஸ்டம், பேக்கேஜஸ், செக் ஃபார் அப்டேட்ஸ், சேனல் 'ஸ்டேபிள்' என்று இருக்கட்டும். மறுதொடக்கம் ஆன பிறகு பலரும் விட்டுவிடும் இரண்டாம் படி ஒன்று உண்டு. சிஸ்டம், ரவுட்டர்போர்டு என்று போய் அங்கே இருக்கும் 'அப்கிரேட்' பொத்தானையும் அழுத்தி, இன்னொரு முறை மறுதொடக்கம் செய்ய வேண்டும். முதலாவது இயங்குதளத்துக்கு, இரண்டாவது துவக்க நிரலுக்கு.

புதுப்பிப்பை அலட்சியப்படுத்த வேண்டாம் என்பதற்கு வரலாறே சாட்சி. வின்பாக்ஸ் வழியாகக் கடவுச்சொற்களைத் திருட இடம் கொடுத்த ஓட்டை ஒன்று 2018இல் வெளிவந்தது. மைக்ரோடிக் அதை அந்த ஏப்ரலிலேயே அடைத்துவிட்டது. ஆனால் புதுப்பிக்காமல் விட்ட லட்சக்கணக்கான ரவுட்டர்கள் அதன்பிறகு பல மாதங்களுக்கு கிரிப்டோ நாணயத் தோண்டலுக்குப் பயன்பட்டன. வின்பாக்ஸின் 8291 போர்ட்டை (அந்தச் சேவையின் எண் வாசலை) வெளியுலகுக்குத் திறந்து வைத்திருந்தவர்கள்தான் முதல் பலி.

இணையம் வரவில்லை என்றால்

இனி ஐபி, டிஎச்சிபி கிளையன்ட் பக்கம். நிலை என்ற இடத்தில் 'பவுண்ட்' என்று இருந்தால் இணைய நிறுவனம் உங்களுக்கு ஒரு முகவரி கொடுத்துவிட்டது. 'சர்ச்சிங்' என்றே நின்றால் சிங்கப்பூர் லைன்களில் பெரும்பாலும் இரண்டு காரணம்தான்.

ஒன்று, பழைய ரவுட்டரின் மேக் முகவரியை லைன் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. ஓஎன்டியின் மின்சாரத்தைச் சில நிமிடங்கள் அணைத்து, பிறகு போடுங்கள். அப்படியும் வராவிட்டால் முதல் துளையின் மேக் முகவரி இடத்தில் பழைய ரவுட்டரின் எண்ணை எழுதிவிடலாம்.

இரண்டாவது, விலான். ஒரே ஃபைபரில் இணையத்தையும் டிவியையும் தனித்தனியாக அனுப்ப, ஒவ்வொரு சட்டகத்திலும் ஒரு எண்ணை ஒட்டி அனுப்புவார்கள். கடையில் விற்கும் பல ரவுட்டர்களில் 'சிங்கப்பூர் எக்ஸ்ட்ரீம்' என்று ஒரு தயார் அமைப்பைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது இணையத்துக்கு விலான் 10, டிவிக்கு விலான் 20 என்ற இரண்டு எண்கள்தான். ஹெக்ஸில் அந்தத் தயார் பொத்தான் கிடையாது. இன்டர்ஃபேசஸ், விலான் என்று போய் முதல் துளையின் மேல் 10 என்ற எண்ணோடு ஒரு விலானை உருவாக்கி, டிஎச்சிபி கிளையன்டை அந்தப் புதிய விலானுக்கு மாற்ற வேண்டும்.

பலரும் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த இடத்தில். முகவரி வந்துவிட்டது, ஹெக்ஸின் உள்ளிருந்து 8.8.8.8 என்ற வெளியுலக முகவரியைப் பிங் செய்தால் ('இருக்கிறாயா' என்று கேட்டால்) பதிலும் வருகிறது. ஆனால் வீட்டில் எந்தக் கணினிக்கும் இணையம் இல்லை. ஏன்? நாட் விதி 'வான்' (வெளியுலகப் பக்கம்) பட்டியலில் உள்ள துளை வழியாக வெளியேறும் தகவல் பொட்டலங்களுக்கு மட்டுமே பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பது முதல் துளை. நீங்கள் புதிதாக உருவாக்கிய விலான் அதில் இல்லை. ரவுட்டர் தானே அனுப்பும் பிங், நிறுவனம் கொடுத்த முகவரியோடு போகிறது, பதில் திரும்புகிறது. கணினியின் பொட்டலமோ 192.168.88 என்று தொடங்கும் உள்முகவரியோடு அப்படியே வெளியேறுகிறது; இணையத்தில் அந்த முகவரிக்குப் பதில் அனுப்ப யாருக்கும் வழி தெரியாது. இன்டர்ஃபேசஸ், இன்டர்ஃபேஸ் லிஸ்ட் பக்கத்தில் அந்த விலானை வான் பட்டியலில் சேர்த்த நொடியில் எல்லாம் வேலை செய்யும். நாட் என்றால் என்ன என்று பத்துப் பாடம் படிப்பதைவிட, இந்தக் கோளாறை ஒருமுறை சரிசெய்தால் போதும்.

முகவரி வந்த பிறகு அது என்ன முகவரி என்று ஒரு கண் பாருங்கள். 192.168, 10 அல்லது 172.16 முதல் 172.31 வரை தொடங்கினால், உங்களுக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் நிற்கிறது என்று பொருள். நிறுவனம் கொடுத்த பெட்டி வெறும் ஓஎன்டி அல்ல, அதுவே ரவுட்டராகவும் வேலை செய்கிறது. இரட்டை நாட். உலாவுவதற்குத் தொந்தரவில்லை, ஆனால் விளையாட்டுக் கன்சோலும் வெளியிலிருந்து சிசிடிவி பார்ப்பதும் தகராறு செய்யும். நிறுவனத்திடம் சொல்லி அதை பிரிட்ஜ் நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் அது நிறுவனத்தின் உள்ளேயே நடக்கும் பெரிய நாட். உங்கள் பெட்டியில் எதை மாற்றினாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. கைப்பேசி வழி வீட்டு இணையத்தில் இது சாதாரணம்.

வாடகைப் பட்டியல் போல ஒரு பக்கம்

ஐபி, டிஎச்சிபி சர்வர், லீசஸ். இந்த ஒரு பக்கத்துக்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம். வீட்டில் எந்தக் கருவிக்கு எந்த முகவரி, எந்த மேக், என்ன பெயர், இன்னும் எத்தனை நிமிடத்தில் காலாவதி என்று வரிவரியாக ஓடும். வந்த நிலையில் வழங்கும் முகவரிகள் 192.168.88.10 முதல் 254 வரை, மொத்தம் 245. வரியின் தொடக்கத்தில் 'டி' என்ற எழுத்து இருந்தால் அது தற்காலிகம். அச்சுப்பொறி, சிசிடிவி பதிவுப்பெட்டி இரண்டின் வரியையும் தேர்ந்து 'மேக் ஸ்டேட்டிக்' (நிலையாக்கு) பொத்தானை அழுத்திவிடுங்கள். இனி எப்போதும் அதே முகவரிதான். கருவியின் உள்ளேயே முகவரியைக் கையால் எழுதி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். அங்கேதான் ஒரே முகவரி இரண்டு கருவிக்குப் போய் மோதல் வருகிறது.

கைப்பேசிகளுக்கு இந்த நிலையான வரி அவ்வளவாகப் பயன்படாது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்தே கைப்பேசிகள் ஒவ்வொரு ஒய்ஃபைக்கும் ஒரு போலி மேக் முகவரியைக் காட்டுகின்றன. 'பிள்ளையின் கைப்பேசியை இரவு 10 மணிக்கு மேல் மேக் வைத்து நிறுத்திவிட்டேன்' என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர், அந்தக் கைப்பேசியில் அந்த வசதியை மாற்றிக்கொள்ள எத்தனை நொடி ஆகும் என்று பிள்ளையிடமே கேட்கலாம்.

பட்டியலில் ஒரு கருவி வராமல், அதன் திரையில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், அது கேட்டும் யாரும் பதில் தரவில்லை என்று அர்த்தம். கேபிளையோ துளையையோ பாருங்கள். பட்டியலில் வராமல் ஆனால் 192.168.0 என்றோ 192.168.1 என்றோ முகவரி வைத்திருந்தால் வேறொருவர் பதில் தருகிறார். அந்த வேறொருவர் கிட்டத்தட்ட எப்போதும், ஒய்ஃபைக்காகச் சொருகிய பழைய ரவுட்டர்தான். அதை ஏபி நிலைக்கு மாற்ற மறந்திருப்பீர்கள். அதன் டிஎச்சிபியும் விழித்திருக்கிறது. யார் முந்துகிறாரோ அவர் கொடுத்த முகவரி நிற்கும், அதனால் பாதிக் கைப்பேசிகள் அச்சுப்பொறியைப் பார்க்கும், பாதி பார்க்காது. மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும்தான் கோளாறு தலைகாட்டும் என்பதால் ஒய்ஃபையைக் குறை சொல்வார்கள். பழைய ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை அதன் வான் துளையில் அல்லாமல் லான் (வீட்டுப் பக்கத்து) துளையில் சொருகினால் தீர்ந்தது. ஹெக்ஸில் டிஎச்சிபி சர்வர், அலர்ட்ஸ் என்ற இடத்தில் பிரிட்ஜைச் சேர்த்து வைத்தால், அடுத்த முறை இப்படி யாராவது குறுக்கே வந்தால் பதிவேட்டில் எழுதிவிடும்.

வேகம்

1 ஜிகாபிட் லைனில் கேபிள் வழியாகச் சோதித்தால் 940 மெகாபிட் அளவில் வரும். 1000 எங்கே என்று கேட்டு நிறுவனத்தை அழைக்க வேண்டாம். ஒவ்வொரு ஈதர்நெட் சட்டகமும் 1500 பைட் சுமக்கிறது. தலைப்பு, சரிபார்ப்பு, முன்குறி, இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கிறது. அந்த 1500க்குள்ளும் ஐபி, டிசிபி தலைப்புகளும் நேரமுத்திரையும் 52 பைட் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 1448. அதை 1538ஆல் வகுத்தால் 94.1 விழுக்காடு. கணக்கு முடிந்தது.

94 மெகாபிட் மட்டும் வருகிறதா? அதே கணக்கு, 100 மெகாபிட் இணைப்பின் மேல். அந்தத் துளையின் நிலைப் பக்கத்தில் 'ரேட்' என்ற வரியைப் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டாலும் இரு முனைகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். இணைப்பு இருக்கிறது, விளக்கு எரிகிறது, யாரும் சந்தேகப்படுவதில்லை. புதுப்பிப்பு வேலை முடிந்த வீடுகளில் சுவர்த்துளையைத் திறந்து பாருங்கள்: நீலமோ பழுப்போ தளர்ந்திருக்கும், அல்லது கம்பிகளின் வரிசை குழம்பியிருக்கும். வழக்கமான பி வரிசை என்றால் வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரு முனையும் இப்படியே இருந்தால் போதும்.

ஹெக்ஸின் செயலி 880 மெகாஹெர்ட்ஸ், இரண்டு கோர். ஜிகாபிட்டை அது எட்டுவது 'ஃபாஸ்ட்டிராக்' என்ற விதியின் உதவியால். ஒரு இணைப்பின் முதல் சில பொட்டலங்களைச் சோதித்து ஏற்றுக்கொண்ட பிறகு, மீதியை ஃபயர்வால் (பொட்டலங்களை வடிகட்டும் விதிகள்) வரிசையில் நிறுத்தாமல் குறுக்கு வழியில் அனுப்பிவிடும். வந்த நிலையிலேயே இந்த விதி இயங்குகிறது. சிக்கல் என்னவென்றால், குறுக்கு வழியில் போகும் பொட்டலங்கள் வேகக் கட்டுப்பாட்டு வரிசையான 'சிம்பிள் கியூ' பக்கமும் வருவதில்லை. 'விருந்தினருக்கு 20 மெகாபிட் என்று போட்டேன், அவர்கள் 500 இழுக்கிறார்கள்' என்ற புலம்பல் முழுக்க இதனால்தான். கட்டுப்பாடு வேண்டுமென்றால் ஃபாஸ்ட்டிராக்கை அணைக்க வேண்டும். அணைத்தால் செயலி திணறும், ஜிகாபிட் கிடைக்காது. இரண்டில் ஒன்றுதான். 300 அல்லது 500 மெகாபிட் லைன் வைத்திருக்கும் கடைக்கு இது பெரிய இழப்பில்லை.

ஹெக்ஸின் உள்ளேயே இருக்கும் 'பேண்ட்விட்த் டெஸ்ட்' கருவியை வைத்து வேகத்தை அளக்காதீர்கள். அனுப்புவதும் அளப்பதும் அதே சின்னச் செயலியே என்பதால் எண் குறைவாகவே வரும்.

3, 5, 10 ஜிகாபிட் திட்டத்துக்கு மாறியவர்களுக்கு இந்தப் பெட்டி வேண்டாம். நாடு தழுவிய ஃபைபர் கட்டமைப்பை 10 ஜிகாபிட்டுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாகத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2024இல் அறிவித்தபின் அத்தகைய திட்டங்கள் பெருகிவிட்டன. ஹெக்ஸின் துளையே ஜிகாபிட்தான். அதே நிறுவனத்தின் ஆர்பி5009இல் ஃபைபர் மாட்யூல் சொருகும் 10 ஜிகாபிட் எஸ்எஃப்பி+ துளை ஒன்றும் ஒரு 2.5 ஜிகாபிட் துளையும் இருக்கின்றன, விலையும் அதற்கேற்றபடி. ஆனால் மூன்று கைப்பேசி, ஒரு டிவி, ஒரு மடிக்கணினி இருக்கும் வீட்டுக்கு 10 ஜிகாபிட் எதற்கு என்ற கேள்வியை விளம்பரத் தாள்கள் கேட்பதில்லை.

சின்னக் கடைக்கு

தேக்கா பக்கத்துக் கடைவீடு, வீவக கீழ்த்தளத்துத் துணைப்பாட நிலையம், சிறு உணவகம் போன்ற இடங்களில் ஹெக்ஸ் தன் விலைக்கு மேல் உழைக்கும். கல்லாக் கணினி, கட்டணக் கருவி, சிசிடிவி, வாடிக்கையாளர் ஒய்ஃபை நான்கும் ஒரே வலையமைப்பில் கிடப்பதுதான் அங்கே வழக்கம். சாப்பிட வந்தவரின் மடிக்கணினி கல்லாக் கணினியின் பகிர்வுக் கோப்புறையைப் பார்க்க முடிகிற நிலை.

விலான் தெரியாமலேயே இதைப் பிரிக்கலாம். ஐந்தாவது துளையைப் பிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐபி, அட்ரஸஸ் பக்கத்தில் அதற்கு 192.168.50.1/24 கொடுங்கள். இந்த /24 என்பது முதல் மூன்று எண்கள் புளோக், கடைசி எண் வீட்டு எண் என்று சொல்வது போல. டிஎச்சிபி சர்வர் பக்கத்தில் 'டிஎச்சிபி செட்டப்' பொத்தானை அழுத்தி, ஐந்தாவது துளையைத் தேர்ந்து, கேட்கும் கேள்விகளுக்கு வரிசையாகச் சரி சொல்லுங்கள். டிஎன்எஸ் கேட்கும் இடத்தில் மட்டும் 1.1.1.1 அல்லது 8.8.8.8 எழுதுங்கள். வந்த நிலை ஃபயர்வால் லான் பட்டியலில் இல்லாத துளையிலிருந்து ரவுட்டரிடம் நேராகப் பேச விடாது. ரவுட்டரையே டிஎன்எஸ்ஸாகக் கொடுத்தால் விருந்தினருக்கு எந்தத் தளமும் திறக்காது. இந்தத் துளையில் வாடிக்கையாளர் ஏபியைச் சொருகுங்கள்.

பெரும்பாலோர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். முகவரிகள் வேறு வேறு, அதனால் பிரிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பிரியவில்லை. ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பொட்டலத்தைக் கொண்டுசேர்ப்பதுதான் ரவுட்டரின் தொழிலே. 192.168.50லிருந்து 192.168.88க்கு அது சந்தோஷமாகக் கொண்டுபோகும். வந்த நிலை ஃபயர்வால் தடுப்பது 'வான்' துளையிலிருந்து உள்ளே வருவதை மட்டும். ஆகவே ஐபி, ஃபயர்வால், ஃபில்டர் பக்கத்தில் ஒரு விதி சேர்க்க வேண்டும்: செயின் 'ஃபார்வர்டு', உள்ளே வரும் துளை ஐந்து, சேரும் முகவரி 192.168.88.0/24, செயல் 'டிராப்'. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். 'எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட்' என்று ஏற்கும் விதிக்குக் கீழே இதை வையுங்கள். அப்போது கல்லாவிலிருந்து ஏபியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க முடியும், எதிர்த்திசையில் மட்டும் கதவு மூடியிருக்கும்.

வாடிக்கையாளர் கூட்டம் அதிகம் என்றால் லீஸ் நேரத்தை (ஒரு முகவரியின் வாடகைக் காலத்தை) 30 நிமிடத்துக்குள் வைத்திருங்கள். ஒரு நாள் என்று வைத்தால் மதியத்துக்குள் 250 சொச்சம் முகவரியும் தீர்ந்து, அதன்பின் வருகிறவர்களுக்கு ஒய்ஃபை இணையும், முகவரி கிடைக்காது.

இந்த மாற்றங்களைச் செய்யும்போது வின்பாக்ஸின் மேல்வரிசையில் உள்ள 'சேஃப் மோடு' பொத்தானை முதலில் அழுத்திக்கொள்ளுங்கள். தவறான விதியால் உங்களையே வெளியே பூட்டிக்கொண்டால், இணைப்பு அறுந்ததை உணர்ந்து, அதுவரை செய்ததை அதுவே திரும்பப் பெற்றுவிடும். வேலை முடிந்ததும் பொத்தானை விடுவிக்க மறந்து வின்பாக்ஸ் இணைப்பு அறுந்துபோனால், செய்த வேலை முழுக்க மறைந்துவிடும் என்பதும் இதே வசதியின் இன்னொரு முகம்.

ஃபயர்வால் விதிகளை 'வேகத்துக்காக' அழித்துவிடும் ஒரு பழக்கம் சில நிறுவுநர்களிடம் இருக்கிறது. அழித்தால் ஹெக்ஸின் டிஎன்எஸ் சேவை 53ஆம் போர்ட்டில் உலகத்துக்கே பதில் சொல்ல ஆரம்பிக்கும். யாரோ ஒருவர்மீது நடக்கும் தாக்குதலுக்கு உங்கள் லைன் பெருக்கியாகப் பயன்படும். உங்களுக்குத் தெரிவதோ 'மாலை நேரத்தில் இணையம் மெதுவாக இருக்கிறது' என்பது மட்டும்.

வெளியிலிருந்து சிசிடிவி பார்க்கப் போர்ட் திறப்பதைவிட வயர்கார்டு விபிஎன் (வெளியிலிருந்து உங்கள் வலையமைப்புக்குள் வரும் மறைகுறிப் பாதை) போடுங்கள். ரவுட்டர்ஓஎஸ் 7இல் இருக்கிறது. ஐபிசெக் என்ற இன்னொரு விபிஎன் முறை என்றால் வன்பொருள் உதவியோடு 470 மெகாபிட் வரை போகும் என்கிறது நிறுவனம். வயர்கார்டுக்கு அந்த உதவி கிடையாது, செயலியே சுமக்க வேண்டும். சிசிடிவிக்கு அது தாராளம்.

எந்த ஹெக்ஸ், எங்கே

2024 முதல் இ50யுஜி என்ற புதிய ஹெக்ஸும் வந்திருக்கிறது. பெயரும் தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் படித்துத்தான் பிரித்தறிய வேண்டும். பழையதில் 256 மெகாபைட் நினைவகம், 16 மெகாபைட் சேமிப்பு. புதியதில் 512, 128. செயலியும் ஆர்ம் வகை. சேமிப்பு வித்தியாசம் வெறும் எண் அல்ல. கூடுதல் பேக்கேஜ்கள் போட்ட பழைய ஹெக்ஸில் புதுப்பிப்பு இறக்கும்போது இடம் போதவில்லை என்று நின்றுவிடும். பேக்கேஜ்களை நீக்கிவிட்டு மறுபடி முயல வேண்டியிருக்கும். கைப்பேசியிலிருந்து இரண்டு தட்டில் வீட்டுக்கு விபிஎன் போடும் 'பேக் டு ஹோம்' வசதி ஆர்ம் செயலிகளில் உண்டு, பழைய ஹெக்ஸில் இல்லை. விலை ஒன்றாக இருந்தால் புதியதையே எடுங்கள். மென்பொருளைக் கையால் இறக்கும்போது பழையதற்கு 'எம்மிப்ஸ்', புதியதற்கு 'ஆர்ம்' கோப்பு. மாற்றிப் போட்டால் கண்டுகொள்ளாமல் பழைய பதிப்பிலேயே எழுந்திருக்கும். ஹெக்ஸ் எஸ் என்று இன்னொன்று இருக்கிறது: எஸ்எஃப்பி துளையும், ஐந்தாவது துளையில் வெளியே மின்சாரம் தரும் வசதியும் கூடுதல். ஏபிக்குத் தனி அடாப்டர் வைக்க இடமில்லாதவர்களுக்கு அது பொருந்தும், ஏபியும் பாசிவ் பிஓஇ ஏற்பதாக இருந்தால்.

கூடவே வாங்கும் ஏபியோ, ஏபியாக மாற்றப்போகும் ஒய்ஃபை ரவுட்டரோ சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் பாதுகாப்பு முத்திரை பெற்றதா என்று பாருங்கள். இங்கே விற்கும் ஒய்ஃபை ரவுட்டர்களுக்கு 2021 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

கேரசல் என்ற மறுவிற்பனைத் தளத்தில் பழைய ஹெக்ஸ் மலிவாகக் கிடைக்கும். அடாப்டரில் 24 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் வெறும் ரீசெட் போதாது. ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்து, விளக்கு மின்னத் தொடங்கியதும் விட்டால் அமைப்புகள் மட்டும் அழியும். விடாமல், விளக்கு அணையும் வரை 20 நொடி அளவு பிடித்திருந்தால் நெட்இன்ஸ்டால் நிலைக்குப் போகும். கணினியில் நெட்இன்ஸ்டாலைத் திறந்து, கேபிளை முதல் துளையில் சொருகி, கணினிக்குக் கையால் ஒரு ஐபி கொடுத்து, ஒய்ஃபையை அணைத்துவிட்டு, இயங்குதளத்தையே புதிதாக ஏற்றுங்கள். பட்டியலில் பெட்டி தெரியாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது விண்டோஸ் ஃபயர்வால்.